நுகுனி மாட்டுக்கு நோயே வராதா? ஹார்ட்வாட்டர், காசநோய், மரபணு

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் ஸ்டாங்கர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்): நம் நாட்டு இனமான நுகுனி மாட்டுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு சக்தி உண்டு, உண்ணி கடித்து வரும் ஹார்ட்வாட்டர் நோயும் வராது காசநோயும் வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன மழைக்கு நான் வாங்கி வந்த ஃப்ரீஸ்லாந்து பால் இனக் கிடேரிகள் செத்துப்போயின. வேலிக்கு அந்தப் பக்கம் சுலு பெரியவர் ஒருவருடைய நுகுனிகள் அதே உண்ணியோடு கொழுகொழுவென்று மேய்கின்றன. எல்லாவற்றையும் விற்றுவிட்டு நுகுனிக்கு மாறிவிடலாமா? மரபணு டெஸ்ட் எடுத்து நோய் வராத மாடாகப் பொறுக்க முடியுமா?

ஜனவரி 14

விற்காதீர்கள் அண்ணா, இப்போதைக்கு. முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்தக் கிடேரிகள் எங்கே பிறந்து எங்கே வளர்ந்தவை? அண்டர்பெர்க் மாதிரி குளிர்ந்த மேட்டு நிலத்திலிருந்து வந்தவை என்றால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஜனவரி 14, இரவு

மேட்டு நிலம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட்வாட்டரை உண்டாக்குவது எர்லிக்கியா ரூமினான்டியம் என்ற பாக்டீரியா. இரத்தக்குழாயின் உட்சுவர் செல்லுக்குள் புகுந்து பெருகும். அதைக் கொண்டுவருவது போன்ட் உண்ணி, அந்த வண்ண வண்ண முதுகுள்ள பெரிய உண்ணி. உண்ணிதான் கடத்துகிறது என்று 1900-லேயே கேப் பகுதியில் லவுன்ஸ்பரி காட்டிவிட்டார். கிருமியை 1925-ல் கௌட்ரி கண்டுபிடித்தார். இந்த உண்ணி நம் கடற்கரைப் பக்கத்துச் சூட்டில் செழிக்கும், ட்ராகன்ஸ்பெர்க் அடிவாரத்துக் குளிரில் செழிக்காது. ஆக மேட்டு நிலத்தில் வளர்ந்த மாடு கிருமியை ஒரு முறையும் சந்தித்திருக்காது. கீழே லாரியில் இறக்கிய இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அப்புறம் தலை சுற்றும், அப்புறம் சாவு.

இங்கேயே பிறந்த கன்றின் கதை வேறு. பிறந்து முதல் மூன்று நான்கு வாரம் கன்றுக்கு ஹார்ட்வாட்டரைத் தாங்கும் தன்மை இயல்பாகவே இருக்கிறது, தாய்க்கு எதிர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த நாட்களில் உண்ணி கடித்துக் கிருமி உள்ளே போனால் கன்று லேசாக வாடி எழுந்துவிடும். பிறகு அடிக்கடி உண்ணி கடிக்கக் கடிக்க எதிர்ப்பு நிலைத்துவிடும். பெரியவருடைய மாடுகள் தப்பித்ததற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம். உண்ணியே இல்லாத இடத்தில் வளர்ந்த நுகுனியைக் கொண்டுவந்து இங்கே விட்டால் அதுவும் சாகலாம். இனத்தையும் பிறந்த இடத்தையும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கிற எந்த முடிவும் பணத்தைத் தின்றுவிடும்.

ஜனவரி 16

அப்படியானால் மரபணுவுக்கு வேலையே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நிறைய இருக்கிறது. நுகுனி, ஹெர்ஃபோர்ட், போன்ஸ்மாரா என்ற மூன்று மாட்டினங்களையும் ஒரே இடத்தில் மேயவிட்டு உண்ணி எண்ணிப் பார்த்த ஆய்வுகள் இந்த நாட்டிலேயே நடந்திருக்கின்றன. நுகுனிமேல் உண்ணி கண்டிப்பாகக் குறைவு. குட்டை முடி, வழவழப்பான தோல், உண்ணி கடித்த இடத்தில் தோல் சட்டென்று காட்டும் எதிர்வினை, ஓயாமல் நக்கித் துடைக்கிற பழக்கம், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் இது உண்ணிக்கான எதிர்ப்பு. உண்ணிக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கான எதிர்ப்பு வேறு கணக்கு. நூறு உண்ணிக்குப் பதில் பத்து ஏறினாலும் அந்தப் பத்தில் ஒன்று கிருமியோடு வந்தால் போதும்.

கிருமிக்கே நேரடியான பரம்பரை எதிர்ப்பு உண்டு என்பதற்கு ஆட்டில் நல்ல சான்று இருக்கிறது. கரீபியனில் குவாதலூப் தீவின் கிரியோல் ஆடுகளில் ஹார்ட்வாட்டரைத் தாங்கும் குணம் பாலினக் குரோமோசோமோடு சேர்ந்து, ஒடுங்கு பண்பாக (சுமக்கிற எல்லாவற்றிலும் வெளியே தெரியாத பண்பாக) வருகிறது என்று 1980-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஜனவரி 17

செத்தது ஹார்ட்வாட்டர்தானா என்று உறுதி செய்தீர்களா? நான் கேட்காமல் விட்டது இது. எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து ஒரு பழக்கம், மாடு செத்தால் காரணம் தெரியாமல் புதைப்பதில்லை. ஆனால் வயிறு சட்டென்று ஊதி, மூக்கிலும் ஆசனவாயிலும் கருப்பாக, உறையாத இரத்தம் வந்திருந்தால் கத்தியைத் தொடவே கூடாது, அது அடைப்பானாக இருக்கலாம், நேரே அரசு கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

மற்றபடி ஹார்ட்வாட்டர் என்றால் சாவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். கிடேரி காலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கி வைத்து நடக்கும். வாயில் ஒன்றுமில்லாமல் மென்றுகொண்டே இருக்கும், இமை துடிக்கும், நாக்கு வெளியே வந்து வந்து போகும். பிறகு பக்கவாட்டில் விழுந்து நாலு காலாலும் மண்ணைத் துழாவும், அந்த இடத்தில் புல் வேரோடு பெயர்ந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தைச் சுற்றியுள்ள பையில் வைக்கோல் நிறத்தில் நீர், காற்றுப் பட்டதும் கட்டியாக உறையும். மாட்டில் ஆட்டைப் போல எப்போதும் இந்த நீர் இருக்காது, அதனால் நீர் இல்லை, ஆகவே ஹார்ட்வாட்டர் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மூளையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் நசுக்கிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் வழி. நுண்குழாய்ச் சுவரில் செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஊதாப் புள்ளிகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். எங்கள் டாக்டர் ஒருமுறை மைக்ரோஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். அத்தனை பெரிய உடம்பைச் சாய்த்தது அந்தச் சின்னக் கொத்து என்று நம்பவே நேரமாகியது.

ஜனவரி 20

"எதிர்ப்பு சக்தி கூட" என்ற பேச்சே எனக்கு நெருடுகிறது. எந்தக் கிருமிக்கு, எந்த வழியில் என்று கேட்காமல் அதில் அர்த்தமில்லை.

கிருமிகளில் சில செல்லுக்கு வெளியே, இரத்தத்திலும் பாலிலும் திரவங்களிலும் திரிபவை. அவற்றுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) நன்றாக வேலை செய்யும். காசநோய்க் கிருமி, சினையைக் கலைக்கும் புரூசெல்லா, ஹார்ட்வாட்டரின் எர்லிக்கியா மூன்றும் செல்லுக்குள்ளேயே குடியிருப்பவை. எதிர்ப்பொருள் அங்கே எட்டாது, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வரவேண்டும், அவை இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லை உசுப்ப வேண்டும். கனடாவில் கெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் ஹோல்ஸ்டைன் பால் மாடுகளில் இந்த இரண்டு வழிகளையும் தனித்தனியாக அளந்தார்கள். மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பரம்பரையாக வருகிறது. பால் உற்பத்தியின் பரம்பரைப் பங்கோடு ஒப்பிடத்தக்க அளவு அது. முக்கியமான சங்கதி அடுத்தது: ஒரு வழியில் பலமாக இருக்கிற மாடு மற்ற வழியிலும் பலமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, சில சமயம் நேர் எதிராகவே போகிறது. அதனால் அவர்கள் இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய காளைகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மடிநோய்க்குச் சளைக்காத மாடு காசநோயில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஜனவரி 21

மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்ட தம்பிக்கு, பி.எல்.ஏ.டி. என்கிற கன்று நோய்தான் சரியான உதாரணம். பாக்டீரியா எங்கே நுழைந்தாலும் முதலில் ஓடிவருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. அது இரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்க சிடி18 என்ற புரதம் வேண்டும். அந்தப் புரதத்தின் 128-வது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் கிளைசின் வந்துவிட்டால் பிடிப்புப் போய்விடும். ரயிலில் வந்த ஆள் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் கதவு திறக்காமல் தாண்டிப் போகிற மாதிரி, வெள்ளணு காயத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இரத்தத்தில் வெள்ளணு குவிந்து கிடக்கும், ஈறிலோ நுரையீரலிலோ ஒன்றும் இருக்காது. கன்று வாய்ப்புண், நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி விழுந்து, வளராமல், சில மாதத்தில் செத்துவிடும்.

இது எப்படிப் பரவியது தெரியுமா? 1952-ல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டைன் காளை. அதன் வழியில் வந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல்லின் விந்து உலகம் முழுக்கப் போனது, மகள்கள் அவ்வளவு பால் கறந்தன. 1992-ல் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்துச் சோதித்தபோது அமெரிக்கக் காளைகளில் சுமார் 14 சதவீதம் அதைச் சுமந்துகொண்டிருந்தன. சுமக்கிற காளைக்கு ஒன்றும் செய்யாது, சுமக்கிற பசுவோடு சேர்ந்தால் நாலில் ஒரு கன்றுக்கு நோய். சோதனை வந்த பிறகு வேகமாகக் குறைத்துவிட்டார்கள். ஒரே காளையை எல்லோரும் துரத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜனவரி 25

தைப்பூசம் நெருங்குகிறது. பால்குடத்துக்குக் கறந்த பால் கேட்டுத் தினமும் போன் வருகிறது. சந்தோஷமாகக் கொடுக்கிறோம். அபிஷேகம் முடிந்து பிரசாதமாகக் குடிக்கிற பாலை மட்டும் தயவுசெய்து காய்ச்சிய பாலாக வையுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கிறார்கள். புரூசெல்லாவும் மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் வரும். கறந்த பாலை அப்படியே புளிக்கவைத்து அமாசி செய்கிற அக்காமாரும் இதைக் கேளுங்கள், பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் பழைய அமாசியில் கொஞ்சம் உறை ஊற்றினால் அருமையாகவே வருகிறது.

எங்கள் மந்தை சோதித்த மந்தைதான், இருந்தும் நாங்கள் காய்ச்சாமல் குடிப்பதில்லை.

ஜனவரி 28

காசநோய்க்கு வருகிறேன். நுகுனிக்குக் காசநோய் வராது என்பது உண்மையில்லை, வருகிறது. நம் மாகாணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனப் பூங்காவின் காட்டெருமைகளில் 1986-லும், மாகாணத்துக்கு வெளியே க்ரூகர் தேசியப் பூங்காவின் காட்டெருமைகளில் 1990-லும் கண்டுபிடித்தார்கள். காட்டை ஒட்டி மேயும் மாடுகளுக்கு அந்தப் பக்கமிருந்தும் வரலாம், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும் போகலாம்.

இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. எத்தியோப்பியாவில் ஹோல்ஸ்டைன்களையும் உள்ளூர் செபு மாடுகளையும் சோதித்ததில் ஹோல்ஸ்டைனில் 22 சதவீதம், செபுவில் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் கட்டிகளும் ஹோல்ஸ்டைனில் மோசம். அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள், கொட்டகையில் நெருக்கிக் கட்டிய மாட்டைவிட வெளியே மேய்கிற மாட்டில் நோய் குறைவு. கொட்டகைக் காற்றுக்கு மாட்டின் இனம் தெரியாது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஹோல்ஸ்டைன்-ஃப்ரீஸியன்களுக்குள்ளேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். யாருக்குக் காசநோய் வருகிறது என்பதில் பரம்பரையின் பங்கு இருபது சதவீதத்துக்குள். கேட்க சிறிதாகத் தெரியும், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் மந்தையையே மாற்றக்கூடிய அளவு. 2016 முதல் பிரிட்டனில் காளைகளுக்கு இதற்கென்றே ஒரு மதிப்பெண் வெளியிடுகிறார்கள்.

ஜனவரி 29

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்த்துப் படியுங்கள். காசநோய்ச் சோதனைக்குக் கழுத்தில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்கிறார்களே, வீங்காத மாடு எல்லாம் எதிர்ப்பு உள்ள மாடு ஆகிவிடாது. நோய் முற்றிப்போன மாட்டின் உடம்பு சில சமயம் பதில் சொல்வதையே நிறுத்திவிடும், தோல் வீங்காது. அப்போதுதான் ஈன்ற பசுவிலும் வீக்கம் குறைவாக வரலாம். அப்படிப்பட்ட மாட்டைப் பார்த்து "நல்ல ரத்தம், இதன் கன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒருவர் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊசியோடு இன்டர்ஃபெரான் காமா இரத்தப் பரிசோதனையும் செய்வது இதற்காகத்தான்.

பிப்ரவரி 3

அமெரிக்காவில் 86 என்று எண்ணிட்ட ஆங்கஸ் காளை பற்றிக் கேட்டிருந்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்தது அது. புரூசெல்லாவுக்கு அசையவில்லை, ஆய்வுக்கூடத்தில் அதன் மேக்ரோஃபேஜ்கள் காசநோய்க் கிருமியையும் சால்மொனெல்லாவையும் அடக்கின. 1985-ல் எடுத்து உறையவைத்த அதன் செல்லிலிருந்து 2000-ல் குளோன் கன்று பிறந்தது.

காரணம் என்று அப்போது எல்லோரும் கைகாட்டியது என்ராம்ப்1 என்ற மரபணு. மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது, இந்தப் புரதம் அந்தப் பையிலிருந்து இரும்பையும் மாங்கனீசையும் வெளியே இறைத்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. எலியில் இது அழகாக நிரூபணமானது. மாட்டில் புரூசெல்லாவோடு தொடர்பு இருக்கிறது என்று சில ஆய்வு, இல்லை என்று சில ஆய்வு. ஆகவே இந்த ஒரு மரபணுவைச் சோதித்துக் கொடுக்கிறேன், காசு கொடு என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். சீனாவில் 2017-ல் இதையே மரபணுத் திருத்தம் செய்து மாட்டில் கூடுதலாகப் புகுத்தி, காசநோயைத் தாங்கும் தன்மை கூடியதாக எழுதினார்கள். அது ஆய்வுக்கூடத்து மாடு, நம் தொழுவத்துக்கு வருகிற சங்கதி இல்லை.

பிப்ரவரி 4

ஒரு மரபணுவை வைத்துப் பொறுக்கியது எங்குமே பலிக்கவில்லையா என்று கேட்டால், பலித்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

கரீபியனில் மார்ட்டினீக் தீவு, அங்கே பிராமன் மாட்டு மந்தை ஒன்று. மழைக்காலத்தில் தோலில் சொறி சொறியாகப் பொருக்குக் கட்டி மாட்டை உருக்குலைக்கும் டெர்மட்டோஃபிலோசிஸ், இதுவும் பாக்டீரியாதான். நம் போன்ட் உண்ணியின் இன்னொரு வகை ஏறுகிற மாட்டில்தான் மோசமாக வரும். போலா என்ற மரபணுக் கூட்டம் மாட்டின் 23-வது குரோமோசோமில் இருக்கிறது, கிருமியின் துணுக்கைப் பிடித்து டி செல்லுக்குக் காட்டுவது அதன் வேலை. எந்தத் துணுக்கைப் பிடிக்க முடியும் என்பது மாட்டுக்கு மாடு மாறும், டிஆர்பி3 என்ற ஒரு மரபணுவிலேயே நூற்றுக்கு மேல் வடிவங்கள். சொறி மோசமாக வருகிற மாடுகளில் ஒரு குறிப்பிட்ட வடிவக் கூட்டு இருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சுமந்த மாடுகளை இனவிருத்தியிலிருந்து விலக்கினார்கள். ஐந்து ஆண்டில் நோய் 76 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனால் அது ஒரே மந்தை, ஒரே நோய், ஒரே தீவு. அங்கே விலக்கிய வடிவம் இன்னொரு கிருமிக்கு நல்லதாக இருக்கலாம். அதனால்தான் போலா வடிவங்கள் இத்தனை வகையாக இயற்கையில் தங்கியிருக்கின்றன, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வேறு வேறு வடிவம் வாங்கிய கன்றால் கூடுதல் துணுக்குகளைக் காட்ட முடியும். ஒரே காளையின் மகளுக்கு அதே காளையைப் போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

பிப்ரவரி 8

மடிநோய்க்குப் பரம்பரை பார்க்கலாமா என்ற கேள்விக்குச் சின்னப் பதில்: பார்க்கலாம். நார்வேக்காரர்கள் 1978 முதல் தங்கள் சிவப்பு மாட்டில் மடிநோயையும் கணக்கில் சேர்த்துக் காளை தேர்ந்தெடுக்கிறார்கள், பலன் கிடைத்தது. நோயைவிடப் பாலில் உள்ள செல் எண்ணிக்கையில் பரம்பரை தெளிவாகத் தெரிகிறது, அதை அளப்பதும் சுலபம்.

வீட்டில் நான் செய்வது: நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்பிலிருந்தும் கொஞ்சம் பீய்ச்சி, ஊதா நிறச் சோதனை மருந்தை அதே அளவு ஊற்றி, மெதுவாகச் சுழற்றுவேன். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். செல் கூடிய பால் வழுவழுவென்று திரண்டு, தட்டைச் சாய்த்தால் முட்டை வெள்ளைக்கரு போல ஒரே திரளாக நழுவும். எந்தப் பசு, எந்தக் காம்பு, எத்தனையாவது ஈற்று என்று நோட்டில் எழுதிவிடுவேன். சில வருடம் போனால் எந்தத் தாயின் மகள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று நோட்டே சொல்கிறது.

பிப்ரவரி 9

இதையெல்லாம் படித்துவிட்டுச் சீம்பாலை மறந்துவிடாதீர்கள். கன்று எதிர்ப்பொருள் இல்லாமல்தான் பிறக்கிறது, மாட்டின் நஞ்சுக்கொடி வழியே அது போகாது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிறு முட்டச் சீம்பால், ஒரு நாள் தாண்டினால் குடல் உறிஞ்சாது. எவ்வளவு உயர்ந்த காளையின் கன்றானாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

பிப்ரவரி 12

ஸ்டாங்கர் அண்ணா, இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. பால் வியாபாரம் வேண்டும் என்றால் மாட்டை மாற்ற மாட்டேன், மேட்டு நிலத்திலிருந்து வளர்ந்த கிடேரி வாங்குவதை நிறுத்துவேன். கடற்கரைப் பக்கமே பிறந்த கன்றுகளாக வாங்கி வளர்ப்பேன். வெளியிலிருந்து வந்துதான் ஆகவேண்டும் என்றால் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடைத் தடுப்பூசி நிறுவனத்தின் ஹார்ட்வாட்டர் இரத்தத் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் கையால் போட்டு, தினமும் காய்ச்சல் பார்த்து, ஏறியதும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கிற முறையில்தான் கொண்டுவருவேன். அது உயிருள்ள கிருமி, கவனிக்க ஆள் இல்லாமல் போடக்கூடாது.

இறைச்சிக்கு வளர்க்கப்போகிறீர்கள் என்றால் நுகுனி மிக நல்ல மாடு, எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவரிடமே கிடேரி கேளுங்கள். எந்தத் தாயின் கன்று, அந்தத் தாய் எத்தனை ஈன்றது, எத்தனை பிழைத்தது என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும், ஒவ்வொரு மாட்டுக்கும் தோல் நிறத்தை வைத்தே பெயர் வைத்திருப்பார்கள். எந்தப் பரிசோதனைக் கூடமும் அந்தத் தகவலைத் தராது.

மாட்டை மருந்தில் முக்கும் டிப் தொட்டியில் உண்ணியை அடியோடு ஒழிக்கப் பார்க்காதீர்கள். கன்றுகளுக்கு ஆரம்பத்திலேயே கொஞ்சம் கடி பட்டால்தான் எதிர்ப்பு தங்கும். ஹோல்ஸ்டைன் விந்து வாங்கும்போது பட்டியலில் காளையின் பெயருக்குப் பக்கத்தில் டி.எல். என்றிருந்தால் பி.எல்.ஏ.டி. இல்லாதது, பி.எல். என்றிருந்தால் சுமப்பது.

பிப்ரவரி 13

கிடேரிக்கு எஸ்19 என்ற புரூசெல்லாத் தடுப்பூசி போடலாமா என்று கேட்ட அக்காவுக்கு: போடலாமா இல்லை, புரூசெல்லாத் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும், இந்த நாட்டில் அது சட்டம். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், கிடேரிக்கு மட்டும். காளைக்கன்றுக்குக் கூடாது, சினை மாட்டுக்கும் கூடாது. உங்கள் கன்று ஏழு மாதம் முடிந்துவிட்டது என்கிறீர்கள், அதனால் இந்த வாரமே ஆளை வரச்சொல்லுங்கள். ஊசி போடும்போது கன்றை நன்றாகக் கட்டிப் பிடியுங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் சும்மா இருக்காதீர்கள், அது உயிருள்ள புரூசெல்லா, அன்றைக்கே டாக்டரிடம் போய் எஸ்19 குத்திவிட்டது என்று பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.